கடுகு வெடிக்கும் ஓசை

காது மந்தமான முதியவர்களில் தாமாக என்னைத் தேடி வருகிறவர் மிக அருமை. மகனோ மருமகளோ பேத்தியோ கையைப் பிடித்து அழைத்துவர, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "எனக்கு ஒண்ணும் இல்லை, இவங்கதான் வாய்க்குள்ளேயே பேசுறாங்க" என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைகிறவர்களையே நான் நாற்பது வருஷங்களாகப் பார்த்து வருகிறேன். உடன் வந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. நான் சிரித்ததில்லை, ஏனெனில் அவர் சொல்வது அவரளவில் அப்பட்டமான உண்மை. நேற்றுவரை தெளிவாகப் பேசிவந்த வீட்டார், பஸ் கண்டக்டர், கோயில் குருக்கள், வங்கியில் பணம் எண்ணித் தரும் பெண் ஆகிய அத்தனை பேரும் ஒருவர்பின் ஒருவராக முணுமுணுக்கத் தலைப்பட்டுவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றுகிறது. கண் மங்கினால் எழுத்து கலங்குவதை அந்தக் கண்ணாலேயே காணலாம். காது மங்குவதைக் காட்டிக்கொடுக்க அத்தகைய சாட்சி எதுவும் கிடையாது. பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம் என்று மெல்ல மெல்லத் தேய்ந்துவரும் ஒன்றைத் தேய்கிறது என்று உணர்வதற்கு, தேயாத காலத்தின் ஞாபகம் பக்கத்திலேயே இருக்கவேண்டுமல்லவா?

மைசூரில் 1965-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தில் படித்துத் தேறி, 1984-இல் மதுரைக்குத் திரும்பி, மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் நான் தொழிலைத் தொடங்கியபோது என் கைவசம் இருந்தவை ஓர் ஆடியோமீட்டரும், சில இசைக்கவைகளும், சுவரெங்கும் ஓசையை விழுங்கும் பலகை பதித்து இரட்டைக் கதவு போட்ட ஒரு சிற்றறையுமே. சித்திரைத் தேர் மாசி வீதிகளைச் சுற்றிவரும் நாளில் அந்த அறை பயன்படாது. எத்தனை கதவு போட்டாலும் மேளமும் ஜனத்திரளின் ஆரவாரமும் சுவரைக் கடந்து உள்ளே வந்துவிடும். மற்ற நாட்களில் அங்கே நிலவும் நிசப்தம் கனமானது. அதற்குள் போய் உட்கார்ந்த மாத்திரத்தில் சிலர் திடுக்கிட்டு, "உள்ளே வண்டு கத்துற மாதிரி இருக்கே" என்பார்கள். வண்டு கத்துவது அறையில் அன்று, அவர்கள் காதில். வெகு நாளாகவே கத்திக்கொண்டிருந்த அது, வெளியோசை அடங்கிய அந்த இடத்தில்தான் முதன்முதலாக அவர்களுக்குப் புலப்படுகிறது.

பரிசோதனை எளியது. காதில் குமிழ் வைத்து, வினாடிக்கு 250 அதிர்வு உள்ள கம்பீரமான ஒலி முதல் 8,000 அதிர்வு உள்ள கூரிய ஒலி வரையில் ஒவ்வொன்றாக அனுப்பி, கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லி, எந்த அளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்பதை வலக்காதுக்குச் சிவப்பு வட்டமாகவும் இடக்காதுக்கு நீலப் பெருக்கற்குறியாகவும் தாளில் குறித்துக்கொண்டே போவோம். முதுமையினால் மந்தமான காதாயின் அக்குறிகளைச் சேர்க்கும் கோடு இடது ஓரத்தில் மேலே சமமாகத் தொடங்கி, நடுவில் சரிந்து, வலது ஓரத்தில் மலைச்சரிவுபோல் கீழே இறங்கியிருக்கும். அந்தச் சரிவை ஆயிரக்கணக்கான தாள்களில் வரைந்திருக்கிறேன். ஆயினும் அது ஒரு மனிதரின் வாழ்க்கையில் என்ன செய்கிறது என்பதை எனக்குச் சரியாகக் கற்பித்தவர், பத்து வருஷங்களுக்கு முன் வந்த ஓர் அம்மாள்.

அவருக்கு அப்போது வயது 68. மருமகள் அழைத்து வந்திருந்தாள். அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவள் தனியாக என்னிடம் வந்து, "அத்தைக்கு ஞாபகம் தப்புது சார். ஒரே வாரத்தில் மூணு தடவை தாளிப்பைக் கருக்கிட்டாங்க. காதைப் பார்த்துட்டு மூளை டாக்டர்கிட்ட போகலாம்னு இருக்கோம்" என்று விசனத்தோடு சொன்னாள். பிறகு அம்மாளை உள்ளே அழைத்து, தாளிப்பு என்ன ஆயிற்று என்று முகத்துக்கு நேராக நின்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "இப்பல்லாம் கடுகு வெடிக்கிறதே இல்லை, தம்பி. எண்ணெய் புகையுற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கிறேன்" என்றார்.

ஐம்பது வருஷமாகச் சமையல் செய்து வந்தவர் அவர். வாணலியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வழக்கமே அவருக்கு இல்லை. கடுகைப் போட்டுவிட்டு, முதுகைத் திருப்பி, காயை நறுக்கிக்கொண்டே, படபடவென்ற அந்த ஓசை தணியும் தருணத்தைக் காதால் அறிந்து, திரும்பிக் கறிவேப்பிலையைப் போடுவார். அந்தப் படபடப்பு மெல்லியது, கூரியது. அவருடைய தாளில் 500 அதிர்வு வரை கோடு ஏறக்குறைய இயல்பாக இருந்தது. 4,000-க்கு வந்தபோது 65 டெசிபெல் வரை இறங்கிவிட்டது. கடுகு அந்தச் சரிவின் அடியில் எங்கோ புதைந்து போயிருந்தது. அவர் புத்தியில் பழுது எதுவும் இல்லை. கேட்காத ஓசைக்காகக் காத்து நின்றார், அவ்வளவுதான். குக்கரின் விசில், பேத்தியின் கொலுசு, கதவு மணி, கொசுவின் ரீங்காரம் என்று ஒவ்வொன்றாக நான் கேட்டுக்கொண்டே போக, அவையெல்லாம் தம் வீட்டைவிட்டு எப்போது போயின என்று தெரியாதவராய் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காதின் உள்ளே, நத்தை ஓடுபோலச் சுருண்ட ஒரு நாளத்தில், சுமார் 15,000 நுண்மயிர் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. கூரிய ஒலிகளைக் கிரகிப்பவை நாளத்தின் வாயிலிலும், கனத்த ஒலிகளைக் கிரகிப்பவை சுருளின் உட்கோடியிலும் இருக்கின்றன. உட்காதில் ஒலியலை இவ்வாறு இடம் பிரிந்து எழும் விதத்தை ஆராய்ந்து கண்ட பேக்கஷி என்னும் விஞ்ஞானிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய வீட்டில் எல்லாக் கற்களுக்கும் முன்னதாக வாசற்படிக் கல் தேய்வதுபோல, வயதாகும்போது வாயிலில் நிற்கும் அணுக்களே முதலில் மடிகின்றன. கோழிக்கும் மீனுக்கும் இவை மடிந்தால் மறுபடியும் முளைக்கின்றன, மனிதனுக்கு முளைப்பதில்லை. பஞ்சாலைத் தறிகளின் இரைச்சல், கூம்பு ஒலிபெருக்கி, புகை, சர்க்கரை வியாதி, ஒரு காலத்தில் காசநோய்க்குப் போட்டு வந்த ஸ்டிரெப்டோமைசின் ஊசி போன்றவை அந்த மடிவை விரைவுபடுத்தும். குறும்பி அடைத்துக்கொண்டதனால் வரும் மந்தம் வேறு. அதை எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும். காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுவதனால் இவ்விரண்டில் எதுவும் தீர்ந்ததாக நான் கண்டதில்லை. புண்ணாகி வந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

நம் இலக்கணக்காரர் எழுத்துக்களை உயிர் என்றும் மெய் என்றும் பிரித்தார்கள். பேச்சின் பலமெல்லாம் உயிரெழுத்தில் இருக்கிறது. ஆ, ஓ, ஐ என்பவை கனத்த ஒலிகள், தூரத்திலும் கேட்பவை. சொல்லை இன்ன சொல் என்று காட்டும் மெய்களோ, அவற்றிலும் முக்கியமாக க், ச், ட், த், ப் என்னும் வல்லின மெய்கள், க்ஷணத்தில் தோன்றி மறையும் மெல்லிய வெடிப்பாகவும் உரசலாகவும் 2,000 அதிர்வுக்கு மேலே வாழ்கின்றன. உலகில் மற்றெல்லாவற்றுக்கும் உயிர் போனபின் மெய் கிடக்கும். முதியவர் காதிலோ மெய் போய்விட உயிர் மாத்திரம் நிற்கிறது. "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னு புரியலை" என்று அவர்கள் சொல்வதன் அர்த்தம் இதுதான். என் வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு "கல்" என்று சொல்லுவேன், "பல்" என்பார். "சட்டி" என்றால் "கட்டி" என்பார். தவறாகச் சொல்கிறோம் என்ற சந்தேகமே அவருக்கு எழுவதில்லை, ஏனெனில் காதில் விழாத மெய்யை மனம் தானே ஊகித்து நிரப்பி முழுச் சொல்லாகவே அவருக்குக் கொடுத்துவிடுகிறது.

இந்த ஊகம் எவ்வளவு அபாயகரமானது என்பதற்கு ஒரு பெரியவரின் கதை போதும். சர்க்கரை வியாதிக்குப் புதிதாக ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்த வைத்தியர், "காலையில், சாப்பாட்டுக்கு முன்னால்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். காலை, மாலை இரண்டிலும் உயிர்கள் ஒன்றே. பேதம் முதலெழுத்தின் மெய்யில்தான். சீட்டு இங்கிலீஷில் இருந்தது. பெரியவர் மாலை என்று கொண்டார். இரவில் இரண்டு இட்டிலிக்கு மேல் சாப்பிடாத அவர், அந்தி வேளையில் மாத்திரையை விழுங்கி வந்த நான்காம் நாள், நடுநிசியில் வியர்த்து, தலை சுற்றி, குளியலறை வாசலில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவர் மனைவி இதை என்னிடம் சொன்னபோது, தம் கணவர் அஜாக்கிரதையானவர் அல்ல என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வைத்தியர் சொன்னதற்கெல்லாம் சரி, சரி என்று தலையாட்டிக்கொண்டுதான் வந்தாராம். அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு தடவை "என்ன?" என்று கேட்டுவிட்ட மனிதர் மூன்றாம் தடவை கேட்பதற்குக் கூசித் தலையாட்டிவிடுவார். மருந்துச் சீட்டைத் தமிழில் எழுதுங்கள் என்று அன்று முதல் எனக்குப் பழக்கமான வைத்தியர்களிடமெல்லாம் மன்றாடி வருகிறேன்.

விழுவதற்கு மாத்திரைக் குழப்பம் ஒன்றே காரணம் என்பதுமில்லை. கேள்வித்திறன் ஒவ்வொரு 10 டெசிபெல் குறையும்போதும் விழும் சாத்தியம் சுமார் 1.4 மடங்காகிறது என்று 2012-இல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று கண்டது. பின்னால் வரும் சைக்கிளும், ஈரத் தரையில் தம் காலடி வழுக்கும் சிறு ஓசையும் எட்டாதவருக்கு உலகம் முன்னறிவிப்பின்றி வந்து மோதுகிறது. கேட்பதற்கே மனத்தின் பெரும்பகுதியைச் செலவிடுகிறவருக்கு நடையைக் கவனிக்க மிச்சம் சொற்பமே.

மறதி நோயைப் பற்றியும் சொல்லவேண்டும், அந்த மருமகளின் பயம் எல்லா வீடுகளிலும் இருப்பதனால். பால்டிமோர் நகரில் 639 பேரை ஏறக்குறைய 12 வருஷம் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியின் முடிவு 2011-இல் வெளிவந்தது: நன்றாகக் கேட்கிறவர்களோடு ஒப்பிட, சிறிது மந்தமானவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு, நடுத்தரமாக மந்தமானவர்களுக்கு மூன்று மடங்கு, கடுமையாக மந்தமானவர்களுக்கு ஐந்து மடங்கு. சிதைந்த சொற்களை ஒட்டவைப்பதிலேயே மூளை களைத்துப் போவதனாலா, ஓசையின்றி மூளையின் சில பகுதிகள் வாடுவதனாலா, பேச்சுத் துணையின்றித் தனிமையில் மனம் மங்குவதனாலா, இரண்டுக்கும் பொதுவான மூலம் ஒன்று இருப்பதனாலா என்பது இன்னும் அறுதியிடப்படவில்லை. காது மெஷின் மாட்டினால் மறதி நோய் வராது என்று விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பாவம் என்பேன். 2023-இல் வெளியான பெரிய பரிசோதனையில், 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மெஷின் கொடுத்து மூன்று வருஷம் பார்த்ததில், எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வித்தியாசம் தென்படவில்லை. முதலிலேயே அபாயம் மிகுந்திருந்த பிரிவினரிடையே மாத்திரம் புத்திக் குறைவின் வேகம் 48 சதவீதம் தணிந்தது. கண்டதை இவ்வளவு என்று சொல்வதே எங்கள் கடமை.

ஆனால் ஆராய்ச்சியின் துணையின்றியே நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. கேளாமையைப் புத்தி மயக்கமாக எண்ணிவிடும் தவறு நாள்தோறும் நடக்கிறது. பொக்கிஷ உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு ஞாபகசக்தியைச் சோதித்தார்கள். மூன்று பொருள்களின் பெயரை வாயால் சொல்லி, சற்றுக் கழித்துத் திருப்பிச் சொல்லக் கேட்டார்கள். அவரால் ஒன்றுதான் சொல்ல முடிந்தது. வீட்டில் சாவிக்கொத்தும் பாங்குப் புத்தகமும் அவர் கையிலிருந்து மகன் கைக்கு மாறின. சில மாதம் கழித்து என்னிடம் வந்தபோது அதே மாதிரியான மூன்று பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டி, மூடிவைத்து, வேறு பேசிவிட்டுக் கேட்டேன். மூன்றையும் வரிசை பிசகாமல் சொன்னார். ஒருமுறைகூடக் காதில் விழாததை ஒருவர் எப்படி மறக்க முடியும்? சாவிக்கொத்து திரும்பிற்று. திரும்பாத வீடுகளும் உண்டு.

முதியவர்கள் ஒதுங்கும் விதத்தை நான் படிப்படியாகக் கவனித்திருக்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தி இரைச்சல் முதலில் விலகும், பிறகு சங்கக் கூட்டம், பிறகு டெலிபோன், பிறகு மாலை வேளையில் பார்க்கில் கூடும் சிநேகிதர் வட்டம். கடைசியில் வீட்டுக்குள்ளேயே, எல்லாரும் சிரிக்கும்போது கூடச் சிரித்துவிட்டு, எதற்குச் சிரித்தோம் என்று அறியாமல் உட்கார்ந்திருப்பார்கள். "என்ன சொன்னான்?" என்று அவர்கள் கேட்டால், நாம் "ஒண்ணுமில்லை, விடுங்க" என்கிறோம். இந்தத் தொழிலில் நான் கேள்விப்பட்ட வார்த்தைகளில் எனக்கு மிகவும் வலிப்பது இதுவே. டமாரச் செவிடு என்று ஏசுகிற வார்த்தையைக்கூடச் சிலர் பொறுத்துக்கொள்கிறார்கள். அது தம்மை நோக்கிச் சொல்லப்பட்டதாவது. ஒண்ணுமில்லை என்ற வார்த்தையோ, இந்தப் பேச்சில் உமக்குப் பங்கில்லை என்று கதவைச் சாத்துகிறது.

இவ்வாறு பேசுகிற நானும் ஒருவருக்குக் கதவைச் சாத்தியிருக்கிறேன். 1987-ஆம் வருஷம் என்று ஞாபகம். பஞ்சாலையில் தறிப் பகுதியில் முப்பது வருஷம் நின்றவர் அவர். அந்நாளில் எங்களிடம் இருந்தது சட்டைப் பைக்குள் வைத்து, கம்பி வழியாகக் காதுக்குக் கொண்டுபோகும் பெட்டி மெஷின். தம் சேமிப்பிலிருந்து அதை வாங்கினார். என் நிசப்த அறையில் மாட்டி, "கேட்கிறதா அய்யா?" என்றேன், "நல்லாக் கேக்குது" என்றார், கால்மணி நேரத்தில் அனுப்பிவிட்டேன். அவர் இறங்கிப் போனது மதுரை வீதிக்கு. பஸ் ஹாரன், டீக்கடைத் தம்ளர்கள், சட்டைத் துணி மைக்கில் உரசும் கரகரப்பு, எல்லாம் ஒருசேர அவர் காதில் பாய்ந்திருக்கும். தேய்ந்த காதுக்கு மெல்லிய ஒலி எட்டாது, பெரிய ஒலியோ நமக்கு வலிப்பதைக் காட்டிலும் அதிகமாக வலிக்கும், மந்தமான பெரியவர்கள் நாம் குரலை உயர்த்தியதும் "ஏன் கத்துறே?" என்று கோபிப்பது இதனால்தான். பல வருஷம் ஓசையின்றிப் பழகிய மூளை மறுபடி ஓசைக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும் என்பதையும், முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று பழகவேண்டும் என்பதையும் நான் அவருக்குச் சொல்லவில்லை. அவர் திரும்பி வரவேயில்லை. நாலைந்து வருஷம் கழித்து அவருடைய மனைவி, பிஸ்கட் டப்பா ஒன்றில் பஞ்சு பொதிந்து அந்த மெஷினைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, "அவரு போயிட்டாருங்க. ரெண்டு நாள்தான் மாட்டினாரு. யாருக்காச்சும் உதவும்னா குடுங்க" என்றார். கம்பியில் ஒரு மடிப்பும் கலையாமல் நான் சுற்றிக் கொடுத்தபடியே இருந்தது.

அதன்பின் எவரையும் கால்மணியில் அனுப்பியதில்லை. அளவெடுக்கும்போதே அவர்களோடு பேச்சுக் கொடுப்பேன். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, நூல் கட்டிய சிறு பஞ்சுத் திரியை உள்ளே வைத்து, இரண்டு நிறப் பசைகளை விரலால் பிசைந்து, இறுகுவதற்குள் பீச்சாங்குழலில் இட்டுக் காதை நிரப்புவேன். ஐந்து நிமிஷம் அசையாமல் இருக்கவேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தில் எத்தனை காதுகளை அருகிருந்து பார்த்திருக்கிறேன்! கடுக்கன் துவாரம் தூர்ந்துபோன காதுகள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாட்டிமாரின், தண்டட்டி ஆடி ஆடித் தோள்வரை நீண்ட காதுகள். பசை இறுகியதும் மெல்லத் திருகி எடுத்தால், சங்கின் உட்புறத்தை வார்த்தெடுத்தாற்போல் அந்த ஒருவருக்கே உரிய வடிவம் கையில் வரும். இன்று அச்சு இல்லாமலே மாட்டும் நுட்பமான டிஜிட்டல் மெஷின்கள் வந்துவிட்டன. சரிந்த இடத்தை மாத்திரம் தூக்கிக் கொடுக்கின்றன. விலையோ சில ஆயிரம் முதல் லக்ஷங்கள் வரை போகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள மூத்தோருக்கு 2017 முதல் மத்திய அரசுத் திட்டம் ஒன்றில் இலவசமாகவும் கிடைக்கிறது. எதுவாயினும், உடன் வந்தவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் மாட்டுகிறேன். அடுக்களையிலிருந்து கூவாமல் எதிரே வந்து, வெளிச்சம் தங்கள் முகத்தில் விழ நின்று, மிக்ஸியையும் டி.வி.யையும் நிறுத்திவிட்டு, கத்தாமல் நிதானமாகப் பேசவேண்டும் என்று அவர்களைக்கொண்டே அங்கேயே பேசவைத்துப் பார்க்கிறேன். வரும் குடும்பத்தாரில் பாதிப் பேர், மெஷின்தான் வாங்கியாயிற்றே என்று இதைக் கேட்டுக்கொள்ள விருப்பமின்றிக் கடியாரத்தைப் பார்ப்பார்கள். நான் விடுவதில்லை.

தாளிப்பைக் கருக்கிய அம்மாளுக்கு இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தோம். முதல் வாரம் மின்விசிறியின் இரைச்சலும் தம் புடவைச் சரசரப்பும் பொறுக்கவில்லை என்றார். இரண்டாம் வாரம் மருமகள் எதிரே உட்கார்ந்து தினம் அரைமணி செய்தித்தாள் படித்துக் காட்டினாள். மூன்றாம் மாதம் மூளை டாக்டர் பேச்சு அந்த வீட்டில் நின்றது. இப்போது மாதம் ஒருமுறை பாட்டரி வாங்கத் தாமே ஆட்டோவில் வருகிறார். ஆரஞ்சு ஒட்டுப் போட்ட 13-ஆம் நம்பர் பாட்டரி. ஒட்டைப் பிரித்ததும் காற்றுப் பட ஒரு நிமிஷம் விட்டு அப்புறந்தான் போடவேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லாமல், உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். போன தடவை அந்த ஒரு நிமிஷத்தில், எங்கள் தெரு மளிகைக் கடைக்காரரைப் பற்றி என்னிடம் புகார் சொன்னார்.

"பழைய கடுகை விக்கிறான், தம்பி. பாதிதான் வெடிக்குது, மீதி சும்மா கிடக்குது. நின்னு கேட்டேன். இந்த மாசத்திலேர்ந்து கீழவாசல் கடைக்கு மாத்திட்டேன்."